அக்கா பேசிய ஸ்பானிஷ்

பள்ளித் தேர்வுக்காக மகள் ஒரு ஸ்பானிஷ் படத்தின் வசனங்களை நடந்தபடியே சொல்லிப் பார்க்கிறாள். அக்காவின் ஞாபகத்தில் என்னால் உட்கார முடியவில்லை.

ஆம்பூரில், பிளஸ் டூ படித்தபோது ஒரு ஸ்பானிஷ் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு அந்த மொழியைக் கற்ற அக்காவும் வசனங்களைச் சொல்லியபடி இப்படித்தான் நடப்பாள். ஷூ கம்பெனியில் தோல் வெட்டிய அப்பா, "இன்னா பேஜாரு இது, நிறுத்து" என்று கத்துவார்.

ஒருநாள் நானும் அக்காவும் அவருக்குக் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். அளவு தப்பாக வெட்டியதற்காக மேனேஜர் அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷூ ஆர்டர் கொடுத்துவிட்டுப் பார்வையிட வந்து பக்கத்தில் நின்ற ஸ்பெயின்காரர்கள், தவறான அளவைத் தாங்களே அனுப்பியதாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது புரிந்த அக்கா அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"அதை மேனேஜரிடம் சொல்லுங்கள்" என்றாள், ஸ்பானிஷில்.

அவர்கள் திகைத்துப்போய் ஒப்புக்கொண்டார்கள். அப்பாவின் வேலை பிழைத்தது.

அன்று சாயங்காலம் அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் அக்காவிடம் வந்து, "அந்தப் படத்தப் போடும்மா, நானும் பாக்கறேன்" என்றார்.