கவிழ்த்து வைத்த கல்

என் வாப்பா சாபித், கல் கொத்தனார். கிழக்குத் துருக்கியில், முராத் ஆற்றங்கரையில் பாதிப் பள்ளிவாசல்கள் அவர் செதுக்கிய கல்லில்தான் நிற்கின்றன. நான் எங்கள் ஊர்ப் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார். உம்மா இறந்து ஆறு வருஷம் கழித்து, புதையல் தேடித் திரியும் பயல்கள் அவள் கபர் மேல் வாப்பா வைத்த கல்லைப் புரட்டிப் போட்டார்கள். மண்ணைப் பார்த்திருந்த பக்கத்தில் ஒரு சிலுவை இருந்தது.

ஊரே கூடிவிட்டது. வாப்பா முன்னால் வந்தார். "குழி வெட்டுனப்ப இங்கயே கிடைச்ச பழைய கல்லுப்பா. திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

பாழாய்ப்போன அந்தப் பொய்தான் வினையானது. "இங்க கிடைச்ச ஆர்மீனியன் கல்லா? அப்ப, துரத்துனப்ப அவனுங்க புதைச்ச தங்கம் அடியில இருக்கும்டா!" என்று ஊர்த் தலைவர் நெஜ்மி பயல்களிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார்.

இரண்டு வெட்டு விழுந்ததும் வாப்பா கதறினார். "நிறுத்துங்கடா! அது நான் வெட்டுனது. அவளும் ஆர்மீனியக்காரி, நானும் ஆர்மீனியன். ஆர்மீனியங்களை வெட்டித் தீர்த்த காலத்துல கத்திக்குத் தப்புன அநாதைங்க பெத்த பிள்ளைங்க நாங்க."

"தங்கத்தைத் தனியா அமுக்கப் பாக்குறியா, கிழவா?" என்று சிரித்தார்கள்.

வாப்பா உளியை எடுத்து, அந்தச் சிலுவைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வெட்டினார். அச்சு அசல் அதேதான். நாற்பது வருஷமாக என்னைத் துருக்கியன் என்றே நினைத்திருந்தேன்.

சிரிப்பு நின்றது. நெஜ்மி மண்வெட்டியை என் காலடியில் போட்டார். "மோதினாரே, காஃபிர் நம்ம கபர்ஸ்தான்ல கிடக்கக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க."

உம்மாவை யாரும் தோண்டக் கூடாதென்றுதான் வாப்பா உண்மையைச் சொன்னார். கடைசியில் தோண்டியது நாங்கள் இருவரும்தான்.