கயிறு அறுந்த அலையில் என் மகள்

எங்களுக்குத் தருமபுரி மாவட்டம், பாப்பாரப்பட்டி. சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் கயல்விழி விடுமுறை நாட்களில் அலைச்சறுக்குக்குப் போவாள். சென்ற மாதம் என்னையும் கூட்டிப் போனாள். முதலில் கோவளம். அங்கே அன்று அலை சிறியதாக இருந்ததால் பயமில்லாமல் வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் மாமல்லபுரத்தில் பெரிய அலைகள். அவள் கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்தபோது, அவள் காலையும் சறுக்குப் பலகையையும் இணைக்கும் கயிறு அறுந்துவிட்டது. பலகை மட்டும் தனியாகக் கரை ஒதுங்கியது. பக்கத்தில் நின்ற மீனவரிடம், "அண்ணா, எம் பொண்ணுங்க, காப்பாத்துங்க" என்று கதறினேன்.

அவர் படகைத் தள்ளுவதற்குள், கயல்விழி பதறாமல் மல்லாந்து மிதந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு அலையோடு அலையாக நீந்திக் கரையேறிவிட்டாள்.

"கெணத்துல நீச்சல் பழக்குனதே நீதான, அப்பறம் எதுக்கும்மா அழுவற?" என்றாள்.

"கடலோரத்துப் பொண்ணா?" என்று மீனவர் கேட்டார்.

"இல்லீங்க, தருமபுரி" என்று நிமிர்ந்து சொன்னேன்.

இப்போது அவள் பையில் துண்டு, குடிதண்ணீர், வெயிலுக்குப் பூசும் கிரீம் ஆகியவற்றோடு மாற்றுக் கயிறும் இருக்கிறது. கடலுக்குக் கிளம்பும் முன் எனக்கு வீடியோ காலில் கயிற்றை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் போகிறாள்.