மீதி மூன்று காயில்கள்

நன்றாக இருக்கும் பொருளைப் பயத்துக்காக மாற்றலாமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஓசூர் ரோட்டில், சந்தாபுராவில் கார் உதறி நின்றபோது பின் சீட்டில் என் எட்டு மாதக் குழந்தை. பக்கத்துக் கடை மெக்கானிக், நரைத்த மீசைக்காரர், எதையும் கழற்றுமுன் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சம் நின்றார். ஸ்கேனர் இரண்டாவது சிலிண்டரில் கோளாறு என்றது. அதற்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். இப்போது ஸ்கேனர் மூன்றாவதைக் காட்டியது.

"காயில்தாம்மா போயிருக்கு. இன்ஜின் நல்லா இருக்கு."

"நாலு சிலிண்டர் காயிலையும் மாத்திடுங்கண்ணா. கூடவே குழந்தை வருது."

"ஒருத்தருக்கு ஜுரம்னா வீட்ல எல்லாருக்கும் ஊசி போடுவீங்களா?"

ஒன்றைத்தான் மாற்றினார். என் முகம் தெளியவில்லை போல. வழியில் இன்னொன்று போனால் நானே மாற்றிக்கொள்ள இன்னொரு புதுக் காயிலையும் ஸ்பேனரையும் கொடுத்து, என் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்ட வைத்தார்.

அவரை நம்புகிறேன். ஆனாலும் ஓசூர் ரோட்டில் ஏறினால் குழந்தையோடு பேசாமல் இன்ஜினையே கேட்டுக்கொண்டு போகிறேன். கைக்குழந்தையோடு கார் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள், மீதி மூன்றையும் மாற்றிவிடட்டுமா?