அம்மா பறிக்காத கொழுந்து

என் முதல் புத்தகம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சியில் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிற நிகழ்ச்சி. இளம் எழுத்தாளர் ஒருவரோடு அரை மணி நேரப் பேச்சு. போனை வைத்ததும், அப்பாவிடம் சொல்வதற்கு முன்பே, பந்தலூரில் இருக்கும் தோழியைத்தான் அழைத்தேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்கள் எஸ்டேட் லயத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிடுகிறேன் என்றாள். சொல்லியும் விட்டாள்.

நானும் அவளும் ஊட்டியில் படித்த மூன்று வருடமும் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். என் வீடு வெலிங்டனில். அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்பவர். தினமும் பஸ்ஸில் போய்வந்திருக்கலாம். நான்தான் அடம்பிடித்து விடுதியில் சேர்ந்தேன். அவள் வீடு பந்தலூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான லயத்தில். அவளுடைய அம்மா கைக்குழந்தையாக இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து எடுக்கிறார். நானோ தேயிலையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவள்.

மழை பிடித்துக்கொண்டால் விடுதியில் சாயங்காலமே கரண்ட் போய்விடும். ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து அவள் சொல்வாள், நான் கேட்பேன். அட்டைப்பூச்சி, காட்டெருமை, கொழுந்தை எடை போடும் நிறுவையில் நடக்கும் சண்டை, அவள் அம்மாவின் பேச்சு. கொஞ்ச நாளில் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அவளுக்குத் தெரிந்துதான் எழுதினேன். "எழுதிக்கோ, எனக்கு அதெல்லாம் வராது" என்பாள். புத்தகத்தில் உள்ள பத்துக் கதைகளில் ஏழு அப்படி வந்தவை. அவளைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அவளும் கேட்கவில்லை. பின்னட்டையில் பதிப்பாளர், 'தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்தே எழுந்துவரும் குரல்' என்று எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்தேன். வெலிங்டனும் மலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஸ்டூடியோவில் ஏசி குளிர் எனக்கே நடுக்கம் கொடுத்தது. முகத்தில் மாவு மாதிரி எதையோ பூசினார்கள். சேலைத் தலைப்பில் மைக்கைக் குத்தினார்கள். பேட்டி எடுத்தவர் அம்மா வயதுக்காரர். புத்தகத்தை நிஜமாகவே படித்திருந்தார். பல பக்கங்களின் ஓரத்தை மடித்து வைத்திருந்தார். அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவராக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு தடுமாற்றம் வந்திருக்காது.

எப்போது எழுத ஆரம்பித்தேன், என்ன படித்தேன் என்று முதலில் கேட்டார். பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "கொழுந்து பறிச்ச காசுலதான் உங்கம்மா உங்களப் படிக்க வெச்சிருக்காங்க. அவங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

அவர் கேட்கவில்லை, தெரிந்த விஷயமாகவே சொன்னார். 'இல்லீங்க, அது என் தோழியோட அம்மா' என்கிற வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. மூன்று நான்கு நொடிகள் இருந்திருக்கும். அவர் கண்கள் அதற்குள்ளேயே கலங்கத் தொடங்கியிருந்தன. இல்லை என்றால் அந்த முகம் மாறும், மடித்த பக்கங்களையெல்லாம் வேறு கண்ணோடு புரட்டுவார் என்று பயம் வந்தது.

"ஆமாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் சொன்னேன், நன்றாகவும் சொன்னேன். தோழி என்னிடம் ஒரு தடவைதான் சொன்ன விஷயம் அது. புத்தகத்தில்கூட நான் எழுதாதது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அவள் மார்க்கைக் குறித்த தாளோடு தோட்டத்துக்குள் ஏறி ஓடியிருக்கிறாள். அம்மா இடுப்பில் பிளாஸ்டிக் படுதா கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே நின்றிருக்கிறார். விரலெல்லாம் கொழுந்துக் கறை. வெள்ளைச் சட்டையில் ஒட்டிவிடும் என்று மகளைக் கையால் தொடாமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, நெற்றியால் நெற்றியை முட்டி அனுப்பியிருக்கிறார். இதை 'எங்கம்மா' என்று ஆரம்பித்து, 'நான் இறங்கி ஓடினேன்' என்று முடித்தேன். பேட்டி எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் அசையவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மேட்டுப்பாளையத்தில் ரயிலைவிட்டு இறங்கி, குன்னூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். தோழி லயத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒளிபரப்புக்குப் பத்து நாள் இருந்தது. நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு இரண்டு முறை செய்தி எழுதி, அனுப்பாமலே அழித்தேன். நீளம் கருதி அந்த இடத்தை வெட்டிவிடுவார்கள் என்று நம்பினேன். தோழி இரண்டு தடவை கூப்பிட்டு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பத்து மணிக்கு என்று மட்டும் சொன்னேன்.

வெட்டவில்லை. விளம்பரத்திலேயே அந்த இடத்தைத்தான் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். அம்மா கேசரி கிளறியிருந்தார், விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார். டிவியில் நான் "ஆமாங்க" என்றதும் எதிர்வீட்டு அக்கா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகவே நின்றார். நிகழ்ச்சி முடியும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. நன்றாகப் பேசினேன் என்று சொல்லிவிட்டு எல்லாரும் கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பினார்கள்.

"ஏங்கண்ணு, நான் எப்பக் கொழுந்து பறிச்சேன்?"

அம்மா கோபமாகக் கேட்கவில்லை. தனக்குத்தான் மறந்துபோய்விட்டதோ என்பதுபோல் கேட்டார். அது புத்தகத்துக்காகச் சொன்னதும்மா, டிவியில் அப்படித்தான் சொல்லணும் என்று இன்னொரு பொய் சொன்னேன்.

"என்னையப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமேயில்லையா?" என்றார். பதிலுக்கு நிற்காமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் அப்பா ஷூவைக் கழற்றியபடியே, ஆபீசில் கேட்டார்கள் என்றார். வீட்டுக்காரம்மா எந்த எஸ்டேட் என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டாராம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்றார். அதற்குமேல் என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

தோழியிடமிருந்து போன் வரவில்லை. புதன்கிழமை நானே அழைத்தேன். எடுத்தாள். பனியைப் பற்றிப் பேசினாள், அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடப்பதைப் பற்றிப் பேசினாள். கடைசியில் நானே, உன் அம்மா பார்த்தார்களா என்றேன். பார்த்தார்கள், பக்கத்து வீட்டு ஆட்களும் தன் வீட்டில்தான் உட்கார்ந்து பார்த்தார்கள் என்றாள். என்ன சொன்னார்கள் என்றேன்.

"நீயே வந்து கேளு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பும் முதல் பஸ்ஸில் ஊட்டி போய், அங்கிருந்து கூடலூர் வழியாகப் பந்தலூர் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டே போனேன். அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள். வழக்கமாகக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மேட்டை ஏறுவோம்.

அவள் அம்மா என்னைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய், "இரு புள்ள, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றார். தேத்தண்ணி வந்தது. நான் வழியில் கோத்தது எதுவும் வரவில்லை. "உங்களோடத எங்கம்மாதுன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்கம்மா" என்று மட்டும் வந்தது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு லைட்டைப் போட்டு உட்கார வைத்தால் யாருக்குத்தான் வாய் நேராக வரும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மகளைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்.

"ஆனா நீ சொன்னது சரியில்ல புள்ள. கறை ஒட்டும்னு நான் இவளத் தொடாம இருக்கல. பாஸாயிட்டேன்னு இவ சொன்னதும் எனக்குச் சந்தோசமே வரல. இனி இங்கன இருக்க மாட்டா, போயிருவான்னுதான் தோணிச்சு. கட்டிப் புடிச்சிருந்தா அழுதிருப்பேன். கூட நின்ன பொம்பளைங்க முன்னால அழ வேணாமேன்னு தலையால முட்டி அனுப்பிட்டேன்."

தோழி அதுவரை அதைக் கேட்டதில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இத்தனை வருடமாகக் கறைக்காகத்தான் என்று நினைத்து, அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். எழுந்து வெளியே போய்விட்டாள். நான் ஆறிப்போன தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தேன். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் முழுதாகப் பறித்தேன் என்று பட்டது. நான் டிவியில் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அம்மா இதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஸ்டாப்பில் அவள்தான் முதலில் பேசினாள்.

"கதைய எடுத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. நான்தானே சொன்னேன். ஆனா அங்க உக்காந்து, நான்னு ஒருத்தி இல்லவே இல்லன்னு ஆக்கிட்ட பாரு, அதுதான்."

பஸ் வந்தது, ஏறினேன். அவள் கையசைத்தாள், அதற்கும் எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சிக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். ஒருவர் போன் செய்து, நிகழ்ச்சி நன்றாகப் போயிருக்கிறது, யாரும் எதுவும் கேட்கவில்லை, நீங்கள் வீணாகக் கவலைப்படாதீர்கள் என்றார். வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. அதன் கீழே அந்தத் தாயின் கைகளை வணங்கி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அது என் அம்மா இல்லை, என் தோழியின் அம்மா என்று நானும் ஒன்று எழுதினேன். யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் பதிப்பில் பின்னட்டை வரியை எடுக்கச் சொன்னேன். ஏழு கதைகளும் யாரிடமிருந்து வந்தவை என்று முன்பக்கத்தில் எழுதினேன். பெயர் போட வேண்டாம், தோழி என்று போட்டால் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இப்போதும் பேசிக்கொள்கிறோம். பிறந்தநாளுக்கு, பொங்கலுக்கு, அவள் அம்மாவுக்கு முட்டிவலி வந்தபோது. சில சமயம் எதையோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். நானும் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பதில்லை. முன்பெல்லாம் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்வேன்.

இதை எழுதியதும் முதலில் அவளுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, இரண்டு வரியை எடுத்துவிடு, மற்றது இருக்கட்டும் என்று பதில் வந்தது. எடுத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.