பதினோரு பை

காப்பகத்தில் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய்மார்கள் போனதும் வேணி வாசலுக்கு வந்து ஒரு நிமிஷம் நிற்பாள். உள்ளே கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க மாட்டாள். வெளியே கிடக்கும் குட்டிக் குட்டிச் செருப்புகளைப் பார்ப்பாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் மெல்ல ஏறி இறங்கும். பிறகு அடுப்படிக்குப் போய் அத்தனை பேருக்கும் அரிசி களைவாள். வருஷக்கணக்காக இப்படித்தான்.

பிள்ளைகளை நேராக எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது பிரம்மதேசத்தில் அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். எத்தனை ஆடு என்றால் சொல்வார்கள், கடலைக் காட்டில் எத்தனை மூட்டை மல்லாட்டை என்றாலும் சொல்வார்கள். எத்தனை பிள்ளை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

திண்டிவனத்தில் அந்தக் காப்பகத்தை நடத்துபவர் ஆர்த்தி மிஸ். வேணியை விட வயதில் சின்னவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போன பிறகு அந்த இடம் காலியாக இருந்தது. வேணிக்கு அந்த வேலை மேல் ஆசை. அடுப்படிப் புகையை விட்டு, நாள் முழுக்கப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருக்கலாம். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பதால் வாய் திறந்து கேட்கவில்லை. மிஸ்ஸே ஒருநாள் சொன்னார்.

"விழுப்புரம் பார்க்குக்குக் கூட்டிக்கினு போறோம் இல்ல, அந்த வேலைய நீங்களே எடுத்துச் செய்யுங்க வேணிக்கா. நல்லா முடிஞ்சுதுன்னா புள்ளைங்கள உங்ககிட்டயே வுட்டுடறேன்."

அன்றிலிருந்து சாயங்காலங்களில் கணக்குப் பழக்கம் நடந்தது. மிஸ் கேட்பார், வேணி பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். புறப்படுவதற்கு முதல் நாள் மிஸ் போனும் கையுமாக அலைந்தார்.

"எத்தினி பேருக்கா நாளைக்கு? இன்னிக்கி வந்தவங்கதான்."

வேணி வாசலுக்குப் போய் வந்தாள். "பதினொன்னு மிஸ்."

"ஒரு புள்ளைக்கு மூணு பேம்பர்ஸ். மொத்தம்?"

ஒரு விரலுக்கு மூன்று கணு. ஒரு பிள்ளைக்கு ஒரு விரல். இரண்டு கையிலும் கட்டைவிரல் நீங்கலாக எட்டு விரல் போனது, மறுபடி மூன்று விரல்.

"முப்பத்தி மூணு."

"சூப்பர்க்கா. வாழப்பழம் ஆளுக்குப் பாதி?"

"பாதி பாதின்னா அஞ்சரை. அரைப் பழத்த இன்னா பண்றது, ஆறா வாங்கிடறேன். மிச்சம் டிரைவருக்கு."

மிஸ் சிரித்துவிட்டார். வேணிக்குக் காது மடல் சூடானது. மாற்றுத்துணி, பால் பாட்டில் வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்திருந்த பைகள் சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றிலும் பேம்பர்ஸும் தொப்பியும் வைத்துக் கட்டினாள். பதினோரு பை கட்டி முடித்ததும் கை தானாக நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்த கடைசி ஆணியை அவள் பார்க்கவே இல்லை.

விழுப்புரம் பார்க்கில் வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டுவிட்டாள். தொப்பி தீர்ந்தது. ஒரு தலை மிச்சம் இருந்தது. கலைப்பிரியா, ஒன்றேகால் வயது, இரண்டு கையையும் நீட்டி "ஆ, ஆ" என்றாள்.

வேணி பைகளைப் புரட்டினாள். கலையின் பை இல்லை. பால் பாட்டில் அந்தப் பையில்தான் இருக்கிறது. கலைக்குத் தன் பாட்டிலைத் தவிர வேறு எதிலும் வாய் வைக்கத் தெரியாது. டம்ளரில் கொடுத்த பாலைத் துப்பினாள். தயிர்சோறு வேண்டாம். வெயில் ஏற ஏற அழுகையும் ஏறியது. துணியும் நனைந்துபோக, வேணி தன் துண்டைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"எண்ணித்தானே கட்டினீங்க?" என்றார் மிஸ்.

"எண்ணினேன் மிஸ்." வேணி கலையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "செருப்ப எண்ணினேன்."

"செருப்பையா?"

"புள்ளைங்கள எண்ணினா கண்ணு பட்டுடும் மிஸ்."

வேன் டிரைவர் ராம்கி பழத்தை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான். "அப்ப செருப்ப மட்டும் ஏத்திக்கினு வந்திருக்கலாமேக்கா. சத்தமாவது இருந்திருக்காது."

மிஸ் சிரிக்கவில்லை. "கலை அவங்கம்மா இடுப்புலயே வர்ற புள்ள. அவளுக்கு ஏதுக்கா செருப்பு?"

வேணியின் கை கலையின் வெறும் பாதத்தைப் பிடித்துக்கொண்டது.

"நானும் பாத்திருக்கணும், போன்லயே இருந்துட்டேன். ஆனா எண்ணாத ஆளுகிட்ட புள்ளைங்கள நான் எப்படி வுடறது? வேன்ல ஏத்தும்போது நீங்களே தொட்டு எண்ணுங்க. முடியாதுன்னா அடுப்படியே போதும்."

வேன் படியருகில் வேணி நின்றுகொண்டாள். முதல் பிள்ளையின் தலையில் கை வைத்து, களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் அளவுக்குச் சொல்வதுபோல் "லாபம்" என்றாள். ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு, மூணு" என்று கை ஒவ்வொரு தலையாகப் போய், தோளில் விசும்பிக்கொண்டிருந்த கலையிடம் வந்து "பன்னெண்டு" என்றபோது அவள் குரல் மிஸ்ஸுக்குக் கூடக் கேட்கவில்லை. ராம்கிதான் "பன்னெண்டு, ரைட்" என்று கதவைச் சாத்தினான்.

கலையின் அம்மா இளவரசி துணிக்கடையில் வேலை பார்ப்பவள். சாயங்காலம் அவள் வந்ததும் மிஸ் பேசுவதற்கு முன் வேணியே நடந்ததைச் சொன்னாள். இளவரசி பிள்ளையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் கலை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். வேணிக்குச் சோறு இறங்கவில்லை. உப்பும் மிளகாயும் முடிந்துகொண்டு இளவரசியின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எண்ணிட்டேம்மா. அதான் புள்ளைக்கு ஒடம்பு காஞ்சுடுச்சு. ஒரு சுத்து சுத்திப் போட்டுட்டுப் போயிடறேன்."

"ஐயோ அக்கா, பல்லு மொளைக்குது அதுக்கு. பாருங்க." பிள்ளையின் உதட்டை விரலால் தூக்கி ஈறைக் காட்டினாள். பிறகு, "சரி, வந்தது வந்துட்டீங்க. சுத்துங்க" என்றாள்.

அடுத்த வாரம் கலை வந்தாள். இளவரசி பிள்ளையை மிஸ்ஸிடம் கொடுக்கவில்லை, வேணியின் இடுப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது அடுப்படிக்கு வேறு ஒருத்தி வந்திருக்கிறாள். பிள்ளைகளை வேணிதான் பார்த்துக்கொள்கிறாள். தினமும் காலையில் தலையைத் தொட்டு எண்ணுகிறாள். பயம் மட்டும் இன்னும் போகவில்லை.