மஞ்சள் கூடும் வெள்ளைக் கூடும்

என் மேசையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. கவிழ்த்து வைத்த சின்னப் புனல் போலிருக்கும். தர்மபுரியில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையத்தில் நான் வேலை பார்த்தபோது, இணைசேர்ந்து முடித்த தாய்ப்பூச்சியை இப்படி ஒரு மூடிக்குள்தான் தனியாக விடுவோம். மறுநாள் காலை மூடியைத் தூக்கினால் கடுகைவிடச் சிறிய முட்டைகள் வட்டமாக ஒட்டியிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வாய் இருந்தும் ஒரு கவளம் தின்னாத பூச்சி, இணைசேர்ந்து முட்டையிட மட்டுமே கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கள் மேடம். இண்டூர்ப் பக்கம் நிலபுலனுள்ள குடும்பம். வேலையில் கறார், ஆனால் வீட்டில், அம்மாவிடம் மட்டும் பெட்டிப்பாம்பு. அவருடைய தம்பி வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கம்பைநல்லூரில் தனியாகக் குடியிருந்தார். குழந்தை பிறந்து தவழத் தொடங்கியும் மேடம் போய்ப் பார்க்கவில்லை. "நம்ம ரத்தம் கலந்துபோச்சு. அந்த வூட்டுப் படிய மிதிச்சா இங்க வராத" என்று அம்மா சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டின்போது மேடம் இதைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடி வைத்துவிடுவார்.

எங்கள் வேலையே கலப்பதுதான். மஞ்சள் கூட்டுப் பூச்சி நம் வெயிலைத் தாங்கும்; வெள்ளைக் கூட்டுப் பூச்சி குளிர்ச் சீமையிலிருந்து வந்தது, நூல் அதிகம். மஞ்சள் பெண்ணையும் வெள்ளை ஆணையும் ஒரே தட்டில் விடுவோம். ஒருநாள் காலை தட்டுகள் நிரம்பியிருந்த நேரத்தில், அடுத்த அறையில் ஆமணக்கு இலையில் வளர்த்த 'எரி' என்ற வேறு வகைப் பட்டுப்பூச்சிகளின் பெட்டியை யாரோ மூடாமல் விட்டிருந்தார்கள். பெரிய பழுப்புச் சிறகுகளோடு அவை தட்டுகளின் மேல் வந்து விழுந்துகிடந்தன. வேலைக்கு வரும் அக்கா ஒருவர் பதறிவிட்டார். "எல்லாம் கலந்துபோச்சுங்க மேடம். இந்த லாட்டே வீணுங்களா?"

"கலக்காதுங்க. கைய வெக்காதீங்க, பாருங்க" என்றார் மேடம்.

பார்த்தோம். எங்கோ ஒரு மலைச்சீமையின் வெள்ளை ஆண், வாழ்நாளில் கண்டிராத மஞ்சள் பெண்ணைத் தேடிச் சிறகு படபடக்கச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. பக்கத்திலேயே கிடந்த எரிப் பூச்சியை எதுவும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டு என்று நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். அவற்றுக்கு அது தெரியாது. "அப்படியே சேர்ந்தாலும் குஞ்சு வராது. அதான் வேற இனம்ங்கறது" என்றார் மேடம். "இந்த மஞ்சளும் வெள்ளையும் அப்பிடி இல்ல. இதுங்க புள்ளைக்கும் புள்ள பொறக்கும். கூடு எந்தக் கலரா இருந்தா என்ன, இனம்..." என்றவர் முடிக்கவில்லை. எரிப் பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். பிறகு என்னிடம், "வண்டி இருக்குல்ல? கம்பைநல்லூர் வரைக்கும் போலாமா?" என்றார்.

தம்பி வீட்டு வாசல் குழாயில் மேடம் வெகுநேரம் கை கழுவினார். பூச்சிகளின் சிறகுப் பொடி அவ்வளவு லேசில் போகாது. தம்பி மனைவி பெண்குழந்தையை நீட்டினாள். மேடம் வாங்கி, அதன் நெற்றியையே பார்த்தார். புருவத்துக்கு மேலே அகலமாக ஏறி நடுவில் லேசாகக் குழிந்த நெற்றி. "எங்கம்மா" என்றார். அந்தச் சின்ன முகத்துக்குள் எத்தனை தலைமுறை ஒளிந்து வந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

அம்மா கடைசிவரை இறங்கிவரவில்லை. போன தையில் அவர் இறந்தபோது நான் இண்டூருக்குப் போயிருந்தேன். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி நிற்கும் நேரம், தம்பி மகள் பந்தலின் ஓரத்தில் நின்றாள். இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். உறவில் ஒருவர் முணுமுணுத்தார். மேடம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பந்தத்தைக் கொளுத்திக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, தோளைப் பிடித்துத் தலைமாட்டுக்கு அழைத்துவந்தார்.

திரும்பும்போது மேடம்தான் இந்த மூடியைத் தந்தார். ஓய்வு பெற்ற நாளில் நிலையத்திலிருந்து எடுத்துவந்ததாம். இதைத் தூக்கும்போதெல்லாம் அடியில் முட்டையைத் தேடுகிறேன். தெரிவதென்னவோ அன்று பந்த வெளிச்சத்தில் பார்த்ததுதான்: படுத்திருந்த நெற்றியும் நின்றிருந்த நெற்றியும் ஒன்றாகவே இருந்தன.