மாட்டிடம் சொன்ன ஈரல் சேதி

கண்ணுக்குப் போனேன். ஈரலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். அதில் ஹெபடைடிஸ் பி என்று ஒரு கிருமி இருக்கிறதாம். காமாலைக் கிருமி. எனக்குக் காமாலையே வந்ததில்லையே என்றேன். “வெளியில தெரியாமலே உள்ள குடியிருக்கும்மா” என்றார்கள். வாடகையும் தராமல், சத்தமும் போடாமல், எத்தனை காலமாகக் குடியிருக்கிறதோ! கண்ணைச் சரிபண்ணி அனுப்பும்போது, தஞ்சாவூரில் ஈரல் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

ஈரலுக்கென்று தனியாக ஒரு டாக்டரா? இருக்கிறார். பாத்திமா என்று பேர். நம் கடலோரத்துப் பெண். வயிற்றில் ஜில்லென்று கஞ்சி மாதிரி எதையோ தடவி, ஸ்கேன் கருவியை உருட்டினார்.

“அம்மா, உங்க ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு.”

“கொழுப்பு இருக்குன்னு என் மாமியார் கல்யாணமான வருஷமே சொல்லிட்டாங்க. அப்ப ஸ்கேன்கூடக் கிடையாது.”

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு மானப் பிரச்சினை. “நான் வெத்தலை பாக்கைத் தவிர எதையும் தொடாதவ. குடிக்கிறவனுக்குத்தானே ஈரல் கெடும்?”

“குடிக்காதவங்களுக்கும் வரும்மா. மூணு வேளையும் சோறு, சாப்பிட்டதும் உக்கார்ந்த இடம்... அது போதும்.”

கிருமி மட்டும் இருந்தாலே நாளாவட்டத்தில் ஈரல் சுருங்கலாம், புற்றுநோய் வரலாம். அதோடு கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் அந்தப் பயம் இன்னும் கூடும். எல்லோருக்கும் வராது. வந்தால் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்... இப்படிப் பொறுமையாகச் சொன்னார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. புகையான் பூச்சி விழுந்த வயலில் யூரியாவையும் அள்ளிக் கொட்டினால் என்ன ஆகும்? தூர நின்று பார்த்தால் பயிர் கரும்பச்சையாக, கண் படுகிற மாதிரி நிற்கும். குனிந்து தூரைப் பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே நடக்கிற அக்கிரமம் தெரியும். அப்படிக் குனிந்து பார்க்கிற வேலைதான் இந்த ஸ்கேன்.

“பிறக்கும்போதே உங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம். கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?”

“ஒரு தம்பி. ஆனா எங்களுக்குள்ள பேச்சு இல்ல.”

“பேச வேணாம்மா. வந்து ரத்தம் கொடுத்தாப் போதும்.”

டாக்டருக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார்.

என் தம்பி சிங்காரவேலுவோடு பேச்சு நின்றது அப்பாவின் நிலத்தைப் பிரித்தபோது. பெண்ணுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று மேடைக்கு மேடை முழங்கிய காலம். நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள், விடுவேனா? கேட்டு வாங்கினேன். இரண்டு பங்குக்கும் நடுவில் ஒரு வரப்பு. ஒரு சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தால் வரப்பு அந்தப் பக்கம் போகும். தாசில்தார் மாறினால் இந்தப் பக்கம் வரும். ஆட்சி மாறினால் அது எந்தப் பக்கம் என்று வரப்புக்கே தெரியாது! அவன் வாசலில் ஒரு கட்சிக் கொடி, என் வாசலில் எதிர்க்கட்சிக் கொடி. வழக்கு கோர்ட்டில் கிடக்கிறது. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் எங்களில் ஒருவர் வீட்டில் வெடிச்சத்தம் நிச்சயம்.

அதற்காக, பேச்சு நின்றவர்கள் பேசாமலா இருப்போம்? அதற்குத்தான் ஜாடை இருக்கிறது. எதிராளி காதில் விழுகிற மாதிரி மாட்டிடம் பேசுவது, கோழியைத் திட்டுவது. நான் என் செவலைப் பசுவிடம் பேசுவேன். அவனுக்கு மாடு கிடையாது. போர்செட் மோட்டாரிடம் பேசுவான்.

மறுநாள் காலை செவலையை ஓட்டிக்கொண்டு போய் வரப்பில் நின்றேன். அவனும் மோட்டார் போட வந்தான். முதலில் தொந்தி வந்தது, பின்னால் அவன் வந்தான்.

“ஏ செவலை, சேதி கேட்டியா? என் ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்காம். ஆத்தாகிட்டேருந்து வந்திருக்கும்கிறாங்க. ஆத்தா வயித்துல நான் மட்டுமா பொறந்தேன்? இன்னொரு ஜென்மமும் பொறந்துச்சுல்ல? அதுவும் போயி ரத்தம் கொடுத்துப் பாக்கணுமாம்!”

அவன் மோட்டாரின் தலையில் ஒரு தட்டு தட்டினான். “கேட்டுக்க மோட்டாரு! கேஸு தோக்கப் போவுதுன்னு தெரிஞ்சதும் ரத்தம் கேக்கறாங்க. எதுக்கு? எங்கப்பனுக்கு நான் பொறக்கலன்னு கோர்ட்ல காட்டறதுக்கு!”

“செவலை, அந்த மூக்கைப் பாரு. அப்படியே எங்கப்பன் மூக்கு. அதைப் பாத்தா எந்த ஜட்ஜும் ரத்தம் கேக்க மாட்டாரு!”

“எனக்கு வாலிபத்துலயே காமாலை வந்து, கீழாநெல்லியில போயிருச்சு மோட்டாரு. நான் என்ன குடிகாரனா? என் ஈரலு வெங்கல மணியாட்டம் இருக்கு!”

அத்தோடு மோட்டாரைப் போட்டுவிட்டான். அந்தச் சத்தத்தில் செவலைக்கு என்ன கேட்கும்?

ஜாடையில் ஒரு கெடுதல் உண்டு. எதிராளி காதோடு நிற்காது, ஊருக்கே கேட்கும். எங்கள் ஊரில் ஈரல் என்றால் ஒரே அர்த்தம்தான் — குடி. பொழுது சாய்வதற்குள் டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்: சிங்காரவேலு ரகசியமாகக் குடிக்கிறார், ஈரல் போய்விட்டது, அக்காக்காரி மாட்டிடம் சொல்லி அழுகிறாள். பாவம், கட்சி மாநாட்டுக்கு லாரியில் போனால்கூடக் கலர் சோடாவைத் தவிர எதையும் தொடாதவன் அவன்.

அவன் பெண்டாட்டி வசந்தா என் கொல்லைப்புறமாக ஓடிவந்தாள். அவளும் நானும் பேசிக்கொள்வது அவனுக்குத் தெரியாது.

“அண்ணி, அவருக்குச் சர்க்கரை வேற இருக்கு. வெளியில வீராப்புப் பேசிட்டு வந்து வீட்டுல மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே படுத்திருக்காரு. நீங்கதான் எப்படியாவது சொல்லணும்.”

“என்கிட்டதான் பேச மாட்டானேடி!”

“அதனாலதான் அண்ணி சொல்றேன். நான் பேசினா காதுலயே வாங்க மாட்டாரு. நீங்க பேசினா ஒரு வார்த்தை விடாம உத்துக் கேக்கறாரு.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாளும் செவலையோடு போனேன். புகையான் கதை, யூரியா கதை எல்லாவற்றையும் நிதானமாக அந்த வாயில்லாப் பிராணிக்கு எடுத்துச் சொன்னேன். இந்தத் தடவை அவன் மோட்டாரைப் போடவில்லை. விவசாயி அல்லவா, விளங்கியிருக்கும். ஆனாலும் அசையவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

“அது வராது செவலை. பள்ளிக்கூடத்துக்கு அம்மை ஊசி போட வந்தப்ப, ஜன்னலேறிக் குதிச்சு எருக்குழியில விழுந்த வீரன் அது. இப்ப ஊசின்னா எங்க குதிக்கும்? அந்தத் தொந்தியோட ஜன்னல்ல நுழையவும் முடியாதே!”

அடுத்த நாள் தஞ்சாவூர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். வசந்தா முந்தின நாளே எனக்குச் சேதி சொல்லியிருந்தாள். நானும் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். அவன் டிக்கெட் வாங்க வேண்டும். அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார். அம்மாவுக்கு என்ன வியாதி இருந்தது என்று கேட்டார்.

“எனக்கு விவரம் தெரியாத வயசு. இந்தம்மாகிட்ட கேளுங்க” என்றான் தம்பி.

“வயிறு வீங்கித்தான் செத்துச்சுன்னு அவன்கிட்ட சொல்லுங்க டாக்டர். ஊர்ல செய்வினைன்னாங்க.”

“அப்ப ஏன் என்கிட்ட இத்தனை நாளா சொல்லலன்னு கேளுங்க.”

“ஏன் ரெண்டு பேரும் என்னையே பாத்துப் பேசறீங்க?” என்றார் டாக்டர். அவருக்கு எப்படித் தெரியும், நாங்கள் அவரைச் செவலையாக்கிவிட்டோம் என்று!

அவன் ரத்தத்திலும் அதே கிருமி. ஸ்கேனில் என்னைவிட அதிகமாகக் கொழுப்பு. எதிலும் என்னை ஜெயிக்காமல் விட மாட்டான். ஆனால் டாக்டர் கருவியை ஒரே இடத்தில் நிறுத்தித் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது என்றார். அது என்ன என்று பெரிய ஸ்கேன் எடுத்தால்தான் சொல்ல முடியுமாம்.

“புத்துநோயா டாக்டர்?” — அவன்தான் கேட்டான்.

“இப்பவே ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.”

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

“அக்கா... ஒண்ணும் இருக்காதுல்ல?”

எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த ‘அக்கா’! மாட்டிடம் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கு அப்போது கிடைத்தது ஒரே வார்த்தைதான். “இருக்காதுடா” என்று சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு என்ன தெரியும்? அவனும் தலையை ஆட்டினான், ஏதோ நான்தான் பெரிய டாக்டர் என்பது போல.

பெரிய ஸ்கேன் முடிவு வருகிறவரை என் வீட்டில் சோறு தானாகவே குறைந்துபோனது.

முடிவு வந்தது. வெறும் ரத்தக்குழாய் முடிச்சாம். புற்றுநோய் இல்லை, ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். நாங்கள் மூச்சு விடுவதற்குள் விரலையும் ஆட்டினார். “ஆனா கிருமி நிஜம், கொழுப்பு நிஜம். ரெண்டு பேருக்கும் மாத்திரை தரேன். தினமும் போடணும், நீங்களா நிறுத்தக் கூடாது. சோத்தைக் குறைங்க, நடங்க. கீழாநெல்லியை நம்பி இதை விட்டுடாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்.” வீட்டில் மற்றவர்களும் ரத்தம் பார்த்து, கிருமி இல்லாவிட்டால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் ஒட்டாதாம்.

புற்றுநோய் இல்லை என்றதும் தம்பிக்குப் பழைய முறுக்கு திரும்பிவிட்டது. மறுபடி டாக்டரைப் பார்த்துக்கொண்டான்.

“டாக்டரம்மா, அடுத்த ஸ்கேனை எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல போட்டுடுங்க. இந்தம்மாவுக்குத் தனியா பஸ் ஏறி வரத் தெரியாது.”

யாருக்கு? எனக்கா? கட்சி ஊர்வலத்துக்கு மெட்ராஸ் வரைக்கும் தனியாக ரயிலேறிப் போய், மாலை மரியாதையோடு திரும்பி வந்தவள் நான்! வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“ஆமாங்க டாக்டர், வழி தெரியாது” என்றேன்.